எந்தத் தெரு, எந்தக் கடை?

கேள்வி: டாக்டர், என் மகன் வேல்ஸ் நாட்டில் கார்டிஃபில் படிக்கிறான். போன சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றவனைக் குடிகாரன் ஒருவன் கையால் குத்தியதில் புருவத்தில் தையல். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண், எந்தத் தெரு, எந்தக் கடை, எதைக்கொண்டு அடித்தான் என்று துருவித் துருவிக் கேட்டாளாம். இது போலீசுக்குப் போய் அவன் படிப்புக்கு வில்லங்கம் வருமோ?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அடி வாங்கியவன்தானே உங்கள் பிள்ளை? அந்தக் கேள்விகள் அவனைப் பற்றியவை அல்ல, அந்த இடத்தைப் பற்றியவை.

கார்டிஃபில் ஜோனதன் ஷெப்பர்ட் என்று ஒரு முகத்தாடை அறுவை மருத்துவர். உடைந்த கண்ணாடி டம்ளரால் கிழிந்த முகங்களைத் தைத்துக்கொண்டிருந்தவர், அடிபட்டு வருகிறவர்களில் பலரைப் பற்றிப் போலீசுக்குத் தெரியவே தெரியாது என்பதைக் கண்டுபிடித்தார். பழிவாங்குவார்களோ என்ற பயம், போலீஸ் என்றாலே தயக்கம், அடித்தவன் யாரென்றே தெரியாத நிலை. புகார் இல்லையென்றால் போலீஸ் கணக்கில் அந்தச் சண்டையே இல்லை. ஆனால் காயம் ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆகவேண்டும்?

அதனால் இடம், நேரம், ஆயுதம் மூன்றையும் கவுண்டரிலேயே கேட்டுப் பதிவு செய்தார்கள். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, போலீசும் நகராட்சியும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் வைத்தார்கள். அடிதடி எந்த மதுக்கூடத்தில், எந்த முனையில் என்று தெரிந்ததும் ரோந்து அங்கே மாறியது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. கூட்டம் முட்டிமோதும் தெருவில் வண்டிகள் போகாமல் தடுத்தார்கள். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, அடிதடியால் உள்நோயாளியாகச் சேர்வோர் கார்டிஃபில் மாதத்துக்கு லட்சம் பேரில் 7-லிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். ஒப்பிட்ட 14 நகரங்களில் அதே காலத்தில் 5 என்பது 8 ஆனது. போலீஸ் பதிவில் சின்ன அடிதடி வழக்குகள் கார்டிஃபில் கூடின. அதை நல்ல அறிகுறி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மண்டை உடைவதற்கு முன்பே போலீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஏ.ஆர். புத்தகம்தான் (அடிபட்டு வருகிறவர்களைப் பதியும் விபத்துப் பதிவேடு) நினைவுக்கு வந்தது. அரசு மருத்துவமனை காஷுவாலிட்டியில் ராத்திரி டியூட்டியில், "தெரிந்த நபர்கள் இருவர், பாட்டிலால், இரவு பத்து மணியளவில், பேருந்து நிலையம் பின்புறம்" என்று எழுதிக்கொண்டே இருப்போம். ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் போகும், கோர்ட் கேட்டால் நகல் போகும். ஒவ்வொன்றும் தனித்தனி வழக்கு. அதே பேருந்து நிலையம் பக்கத்துக்குப் பக்கம் வந்தாலும், அதைக் கூட்டிப் பார்ப்பது யார் வேலையும் இல்லை. அங்கே விளக்கு எரிகிறதா, மதுக்கடை மூடும் நேரமும் கடைசி பஸ் நேரமும் ஒன்றா என்று யாரும் கேட்டதில்லை. தைத்து அனுப்பினோம், அவ்வளவுதான். தகவல் கைவசம் இருந்தும் இப்படி விடுவது எனக்குத் தாங்கவில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பக்கங்களிலிருந்து இடத்தையும் நேரத்தையும் மட்டும் எடுத்து, எஸ்.பி. அலுவலகத்தோடும் நகராட்சியோடும் ஒருவர் உட்கார்ந்தால் போதும். பெயர் மட்டும் வெளியே போகவே கூடாது. போனால் அடுத்த மாதமே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். கத்திக்குத்து, துப்பாக்கிக் காயம் என்றால் அங்கே பொதுவாகப் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். கையால் குத்தியதற்கு அப்படி இல்லை. "டவுனில்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தால், அதே ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கடையின் பெயரைச் சொல்லட்டும். ஆனால் அந்தப் பதிவு புகார் ஆகாது. அடித்தவன்மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் 101-க்கு (அவசரமில்லாத விஷயங்களுக்கான அங்குள்ள போலீஸ் எண்) அவனே பேச வேண்டும். அப்புறம், தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அதே ஆஸ்பத்திரிக்கு உடனே திரும்பப் போகச் சொல்லுங்கள்.