செங்கல் ஒண்ணுதான், ஓரம்தான் வேற

வணக்கம் சார்,

இத்தாலியில சியனா ஊரோட காம்போ சதுக்கம் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். நான் ஆறு வருஷமா பாஸ்டன்ல வேலை பாக்கறேன். இங்க நகராட்சி ஆபீஸ் முன்னாடி இருக்கற சிட்டி ஹால் பிளாசாங்கற சதுக்கமும் அந்த காம்போவ மனசுல வெச்சு கட்டினதுதான்னு சொல்றாங்க, அதே செங்கல் தரை, அதே மாதிரி சரிவு. 2022ல மரமெல்லாம் நட்டு புதுசாக்கினப்பறம் முன்னைக்கு பரவால்ல, ஆனாலும் ஆபீஸ் விட்டா பாதிப்பேர் அத தாண்டி வேகமா போயிட்டேதான் இருக்கோம். 700 வருஷம் பழசுங்கறதாலதான் காம்போல கூட்டம் நிக்குதா?

ஒரு வாசகர், பாஸ்டன்

வணக்கம்.

பழசுங்கறது காரணமில்லன்னுதான் நான் நினைக்கறேன். ரெண்டு எடத்துலயும் உக்காந்து பாத்தவன்ங்கற உரிமைல சொல்றேன்.

காம்போ ஒரு பெரிய முறம் மாதிரி, மேல விரிஞ்சு கீழ நகராட்சி மாளிகைய பாத்து சரியுது, பெய்யற மழையெல்லாம் அடியில ஒரு வடிகாலுக்கு வந்துரும். வெள்ளைக்கல் கோடு போட்டு தரைய 9 பாகமா பிரிச்சிருக்காங்க, அப்ப ஊர ஆண்டது ஒம்போது பேர் சபை, அவங்க ஞாபகமா. தரை வேலை முடிஞ்சது 1349ல, அதாவது பிளேக் வந்து ஊர்ல பாதி செத்ததுக்கு அடுத்த வருஷம், அத நினைச்சா எனக்கு இப்பவும் என்னமோ பண்ணும். நான் போனது ஜூலைல, காலைல பதினோரு மணி, நல்ல வெயில், மரம்னு ஒண்ணு கூட கிடையாது. அந்த மாளிகையோட மாஞ்சா கோபுரத்து நிழல் மட்டும் செங்கல் மேல நீளமா ஒரு பட்டையா விழுந்திருந்துச்சு, அந்தப் பட்டைக்குள்ள வரிசையா ஜனங்க, காலை நீட்டிக்கிட்டு, சிலர் படுத்துக்கிட்டு, நிழல் நகர நகர அவங்களும் எந்திரிக்காமயே கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே வந்தாங்க. சரிவா இருக்கறதால தரையே சாய்வு நாற்காலி மாதிரி ஆயிடுது, பெஞ்சே தேவைப்படல.

ஆனா தரை மட்டும் இருந்தா அவங்க உக்காந்திருக்க மாட்டாங்க. தரை போடறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1297லயே, சியனாக்காரங்க ஒரு சட்டம் போட்டுட்டாங்க: காம்போவ பாத்து யார் வீடு கட்டினாலும் ஜன்னல்ல சின்னத் தூண் வெச்சுதான் கட்டணும், பால்கனி நீட்டக்கூடாது. அதாவது முதல்ல சுவர யோசிச்சாங்க. இருட்டுச் சந்து வழியா வந்து சட்டுனு வெளிச்சத்துல விழறோம், சுத்தி வீடு, கீழ கடை, மேல ஜன்னல்ல யாரோ துணி உதறுறாங்க, நம்ம முதுகுக்குப் பின்னாடி ஆள் இருக்கு, அந்த தைரியத்துலதான் மனுஷன் உக்கார்றான்.

உங்க பாஸ்டன்ல நடந்தது தலைகீழ். 1960கள் ஆரம்பத்துல ஸ்காலே ஸ்கொயர்ங்கற பழைய பேட்டைய மொத்தமா இடிச்சு, 22 தெருவ 6 தெருவாக்கி, கட்டடக்கலைஞர் ஐ. எம். பெய் போட்ட பிளான்படி அந்த எடத்த காலி பண்ணி, 1968ல புது சிட்டி ஹால் திறந்தாங்க. பிளாசா மட்டும் ஏழு ஏக்கர், காம்போ அதுல பாதி இருந்தா அதிகம். காம்போல இருந்து செங்கலையும் சரிவையும் எடுத்துக்கிட்டாங்க, ஓரத்த எடுத்துக்கல. சுத்தி நிக்கறதெல்லாம் ஆபீஸ் கட்டடம், அஞ்சு மணிக்கு மேல கதவ பூட்டிட்டு முகத்த திருப்பிக்கும். பல வருஷம் முன்னாடி ஒரு பிப்ரவரில நான் அத குறுக்க நடந்தேன், காத்து கண்ணுல தண்ணி வரவெச்சுது, ஒதுங்கறதுக்கு ஒரு சுவர் கிடைக்கல.

ஒரே ஒரு பக்கம்தான் வேற மாதிரி இருந்துச்சு. தெக்கால இடிக்காம விட்ட பழைய வளைஞ்ச கட்டட வரிசை, சியர்ஸ் கிரெசென்ட், அது பக்கத்துல அந்தக் காலத்து டீக்கடை விளம்பரமா ஒரு பெரிய செம்புக் கெட்டில் தொங்கும், மூக்குலேர்ந்து நிஜமாவே ஆவி வரும், நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. அதுக்குக் கீழ ஒரு காபிக்கடை. அந்தக் குளிர்லயும் கப்ப கையில புடிச்சுக்கிட்டு அங்க நாலு பேர் நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க, நானும் போய் நின்னேன்.

2022ல செஞ்ச வேலைய நான் குறை சொல்லல. படிக்கட்டுக்கு பதிலா சக்கர நாற்காலி போற மாதிரி சரிவுப்பாதை, மரம், உக்கார எடம், குழந்தைங்க விளையாட எடம், இதெல்லாம் முதல் நாளே இருந்திருக்க வேண்டியது. ஆனா ஓரத்துல இன்னும் கடையும் வீடும் வரணும், தரையோட போதும்னு விட்டா நீங்க சொல்ற மாதிரி தாண்டிப் போயிட்டேதான் இருப்பாங்க.

ஒரு உதவி பண்ணுங்க. அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கி, கெட்டில் பக்கம் எத்தன பேர் நிக்கறாங்க, பிளாசா நடுவுல எத்தன பேர் நிக்கறாங்கன்னு எண்ணி எனக்கு எழுதுங்க.