இரவுப் பயிற்சியில் மான் குறுக்கே வந்தால்?

கேள்வி: மருத்துவ உதவிக்கு நிதி திரட்டும் 100 கி.மீ. இரவு சைக்கிள் பயணத்தில் கலந்துகொள்கிறேன். வேலை முடிந்த பிறகுதான் பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. காட்டை ஒட்டிய சாலையில் போன வாரம் மான் ஒன்று சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்தது, மயிரிழையில் தப்பினேன். பயிற்சியை நிறுத்த மனமில்லை. என்ன செய்வது?

பதில்: நிறுத்த வேண்டாம், வேகத்தை மட்டும் குறையுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் கடக்கிறீர்கள். கண்ணில் பட்டதும் கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 12 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு, நிற்க இன்னும் 7 மீட்டராவது வேண்டும். ஆக, கிட்டத்தட்ட 20 மீட்டர். வேகம் 20 கி.மீ. என்றால் 12 மீட்டருக்குள் நின்றுவிடலாம். விளக்கு எவ்வளவு தூரம் தெளிவாகக் காட்டுகிறதோ, அதற்குள் நிற்க முடிகிற வேகமே உங்கள் வேகம். மழை பெய்திருந்தால் இன்னும் மெதுவாக.

ஹேண்டில்பார் விளக்கோடு ஹெல்மெட்டிலும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். மான், நரி, பூனை இனங்களின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அந்த ஒளி பெரும்பாலும் வந்த வழியே திரும்புவதால், விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் மினுக்கம் நன்றாகத் தெரியும். தலையைத் திருப்பிச் சாலையோரப் புதரையும் பார்க்கலாம். ஆனால் காட்டுப்பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. எதுவும் மினுங்கவில்லை என்பதற்காக வழி காலி என்று நினைத்துவிடாதீர்கள்.

மான் கடந்து போனதும் உடனே மிதிக்கக் கூடாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மான்கள் கூட்டமாக நகரும். முதலாவது போன தடத்திலேயே இரண்டாவதும் மூன்றாவதும் வரும். சாலை நடுவே ஒன்று திகைத்து நின்றால், வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைத்திருக்கலாம். நீங்களும் நின்று, விளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திக் காத்திருங்கள். திடீரென எதிர்ப்பட்டால் நேராகவே பிரேக் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தியபடியே ஹேண்டிலை வெட்டினால் முன்சக்கரம் வழுக்கும். அந்தி சாயும் நேரமும் விடியலும்தான் மான்கள் அதிகம் நடமாடும் வேளை. முடிந்தால் அவற்றைத் தவிருங்கள்.

சைக்கிள் சத்தமில்லாமல் வருவது விலங்குக்கும் அதிர்ச்சிதான். வளைவுகளில் மணி அடியுங்கள், கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டுங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

கரடி, சிறுத்தை போன்றவை தூரத்தில் தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் எதிர்ப்பட்டால் வேகமாக மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள். ஓடுவதைக் கண்டால் அவற்றுக்குத் துரத்தத் தோன்றும், கரடி உங்களைவிட வேகமாகவும் ஓடும். இறங்கி, சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். குட்டியோடு இருக்கும் எந்த விலங்கையும் நெருங்காதீர்கள். யானை தெரிந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. வந்த வழியே வீடு திரும்புங்கள்.

பாம்புகள் பகல் சூடு ஆறாத தார்ச்சாலையில் வந்து படுப்பதுண்டு. பஞ்சர் பார்க்க உட்காரும் முன் சுற்றிலும் விளக்கடித்துப் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாலூட்டி எதுவும் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரைப் பாருங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கடினமான வேகப் பயிற்சியை வீட்டுக்குள் சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னர் கருவியிலோ விடுமுறைப் பகலிலோ வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுச் சாலையில் பழக வேண்டியது விளக்கு, உடை, நீண்ட நேர மெதுவான மிதி. நன்கொடை தருபவர்கள் உங்கள் சராசரி வேகத்தைக் கேட்கப்போவதில்லை. பயண அமைப்பாளர்களிடம், பாதையில் விலங்குகள் கடக்கும் பகுதி எது, அங்கே துணை வாகனம் வருமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.