அமெரிக்கக் குடியுரிமையும் சமப் பாதுகாப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்க மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

பதில்: 1868 ஜூலையில் நிறைவேறிய 14ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் முதல் வாக்கியத்தில். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த கொடிய தீர்ப்பை அது துடைத்தெறிந்தது. சாதாரணச் சட்டமாக இயற்றினால் அடுத்து வரும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதை நீக்கிவிடக்கூடும் என்று அஞ்சியே அரசியலமைப்பில் சேர்த்தார்கள்.

கேள்வி: பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தாலும் பொருந்துமா? நாங்கள் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறோம்.

பதில்: சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், 1895இல் சீனாவிலிருந்து திரும்பியபோது, அவர் குடிமகன் அல்லர் என்று கூறிக் கரையிறங்க விடவில்லை. அவருடைய பெற்றோர் அக்காலச் சட்டப்படி குடியுரிமை பெறவே முடியாதவர்கள். ஆயினும் மகன் பிறப்பால் குடிமகனே என்று 1898இல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகளே அதில் உண்டு. வோங்கின் பெற்றோர் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டுதான், தற்காலிக விசாவில் இருப்போரின் பிள்ளைகளை விலக்க அதிபர் டிரம்ப்பின் 2025 ஜனவரி ஆணை முயன்றது. அந்த ஆணை தொடர்பாக உச்ச நீதிமன்றம் அளித்த 2025 ஜூன் மாதத் தீர்ப்பு, கீழமை நீதிமன்றங்களின் தடையாணை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பற்றியதே தவிர, குடியுரிமையைப் பற்றியது அன்று. 1898ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வாதம் பிறந்த மண்ணையே அடித்தளமாகக் கொண்டது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: என்னிடம் கிரீன் கார்டுதான் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இருக்கிறது. சம உரிமை எனக்கும் உண்டா?

பதில்: உண்டு. அந்தத் திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது "குடிமகன்" என்று சொல்லாமல் "எந்த நபருக்கும்" என்கிறது. அதன் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவை நிலையம் நடத்த அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கு மறுத்துவிட்டு, சீனரல்லாத சுமார் 80 பேருக்கு அனுமதி கொடுத்தார்கள். சட்டத்தின் எழுத்து நடுநிலையாக இருந்தாலும் அதைச் செயல்படுத்தும் கை ஓரவஞ்சனை செய்தால் அது செல்லாது என்று 1886இல் யிக் வோ வழக்கில் நீதிமன்றம் கூறியது. கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பது போன்ற சில உரிமைகள் மட்டும் குடிமக்களுக்கே உரியவை.

கேள்வி: விண்ணப்பித்துப் பெற்ற குடியுரிமையைப் பறிக்க முடியுமா?

பதில்: மோசடியாகவோ சட்டத்துக்குப் புறம்பாகவோ பெற்றதாக நீதிமன்றத்தில் நிரூபித்தால் முடியும். மற்றபடி, உங்கள் சம்மதமின்றி அதைப் பறிக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்று 1967இல் அஃப்ரோயிம் வழக்கு முடிவு செய்தது. இந்தியர்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று: அக்காலச் சட்டப்படி குடியுரிமை பெறத் தகுதியுள்ள "வெள்ளையர்" என்ற வகையில் இந்தியர் சேரார் என்று 1923இல் பகத் சிங் திண்டின் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தனர், 1946 வரை அந்தக் கதவு மூடியே இருந்தது.