ஆர்டர் பாதி, டெய்லர் 80: 30 பேரை நிறுத்தலாமா?

ஆர்டர் பாதியாகிவிட்டதால், உங்கள் ஆயத்த ஆடை ஆலையின் 80 டெய்லர்களில் 30 பேரை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதே நிறுத்த வேண்டாம். முதலில் ஒன்றரை ஷிப்டை ஒரே ஷிப்டாக்குங்கள். கூலியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே இறங்கும்.

ஆள் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே பையரை நம்பியதுதான் சிக்கல்: நீங்கள் சொன்னபடி பெரும்பாலான ஆர்டர் ஒரே அமெரிக்க பையருடையது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதம் ஆனதும் அவர் கையை இழுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு தாளில் 80 பேரையும் எழுதி, யாருக்கு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எல்லாத் தையல் மெஷினும் ஓட்ட வரும் என்று குறியுங்கள். ஐரோப்பிய, உள்நாட்டு ஆர்டர்களைப் பிடித்தால் சின்னச் சின்ன லாட்டாக, ஸ்டைல் மாறி மாறி வரும். இரண்டு மூன்று மெஷின் தெரிந்தவர்கள் இல்லாமல் லைன் ஓடாது. சம்பளம் கூட என்று முதலாளிகள் முதலில் அனுப்புவதும் இவர்களைத்தான்!

ஒன்று கவனம்: உங்கள் அளவு ஆலையில் ஓராண்டு வேலை செய்தவரை லே-ஆஃப் செய்தால், அதாவது வேலை இல்லை என்று தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி தர வேண்டும். ஆட்குறைப்பு, அதாவது ஒரேயடியாக நிறுத்துவது என்றால் ஒரு மாத நோட்டீஸ், அப்புறம் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடப்பில் இருக்கிறது. கடிதம் கொடுக்கும் முன் லேபர் கன்சல்டன்டிடம் கேட்டுவிடுங்கள்.