பறவை பார்க்கப் போகிறோம்: பில் இல்லாத லென்ஸை வாங்கலாமா?

கேள்வி: எனக்குப் பாளையங்கோட்டை. பொங்கல் லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளமும், அப்படியே தூத்துக்குடி உப்பளப் பக்கமும் போய்ப் பறவைகளைப் பார்த்துப் படம் எடுக்க ஆசை. என் பழைய கேமராவுக்குப் பொருந்தும் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் ஒன்றை 35,000 ரூபாய்க்குப் பேசியிருக்கிறேன். பில் வேண்டாம் என்றால் 3,000 குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பில் இல்லாமல் வாங்காதீர்கள். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி பில் இல்லாமல் ஒரு லென்ஸ் வாங்கினேன். விடியற்காலை உப்பளத்தில் எடுத்த படம் எல்லாமே பால் ஊற்றியதுபோல் மங்கல். ரிப்பேர்க்காரர் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி வலைபோல இழை இழையாகப் பூசணம். திரும்பக் கொண்டுபோனால், "எங்க கடையில வாங்குனதுன்னு எப்படிச் சொல்லுதீய?" என்று கேட்டுவிட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். இதைக் கேட்க உங்கள் கையில் பில் இருக்க வேண்டும். லென்ஸில் பொறித்திருக்கும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கடையிலேயே இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, இழை தெரிந்தால் வேண்டாம். போகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்புங்கள். நறநறவென்றால் உள்ளே மணல் போயிருக்கலாம். கடற்கரையில் புழங்கிய லென்ஸில் இது சகஜம். திருகாணித் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். அப்புறம், உங்கள் கேமராவில் மாட்டி எதிர்க்கடை போர்டை நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மகளோடு போகிறீர்கள் என்றால் முதலில் பைனாகுலர் வாங்குங்கள். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே உங்கள் பழைய லென்ஸே போதும். உப்பளத்தில் பறவைகள் தூரத்தில் நிற்கும். ஆனால் வெயில் ஏறினால் கானல் அலையும். எவ்வளவு நீள லென்ஸ் போட்டாலும் படம் நெளியும். காலை 6 மணியிலிருந்து 9 வரைதான் படத்துக்கான நேரம்.

பைனாகுலரில் 8×42 கேளுங்கள். 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாக இருக்கும், கை நடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். '100 மடங்கு' என்று வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள். 10-க்கு மேல் போனாலே கையில் பிடித்துப் பார்ப்பது கஷ்டம். உப்பளத்தில் பூநாரை (பிளமிங்கோ) தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அலசி இரை எடுக்கும். அதை உங்கள் மகள் பைனாகுலரில் ஒரு தடவை பார்க்கட்டும், அடுத்த ஞாயிறும் கிளம்பச் சொல்வாள்.

உப்பளங்களில் பல தனியாருடையவை. வரப்பில் கால் வைக்கும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் பைனாகுலரையும் லேசான ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள். பூசணம் பிடிக்க அதுவே தோதான இடம்.