மங்கிய ஜன்னலோடு வீட்டை விற்கலாமா?

கேள்வி: 17 வருடமாகக் குடியிருக்கும் வீட்டை விற்கப் போகிறோம். மொத்தம் 14 ஜன்னல்கள், எல்லாமே இரட்டைக் கண்ணாடி. அதில் 5 ஜன்னல்களில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வெள்ளையாக மூட்டம் படிந்திருக்கிறது, துடைத்தால் போகவில்லை. ஹாலில் 2, பெரிய படுக்கையறையில் 1, மீதி 2 பின்பக்கம். பார்க்க வந்த ஜன்னல் கடைக்காரர், "எல்லாம் ஒரே வயசு, 14-ஐயும் மாற்றிவிடுங்கள், வீட்டு விலை ஏறும்" என்கிறார். என் மைத்துனரோ, "விற்கிற வீட்டுக்குக் காசு செலவழிக்காதே, வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார். புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் சேமிப்பில் கைவைக்கத் தயக்கமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கடைக்காரருக்கு 14 ஜன்னல் விற்க வேண்டும், அது அவர் தொழில். மைத்துனர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் "வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்" என்கிறாரே, வாங்குகிறவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதில்தான் உங்கள் பணம் போகும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஈரம் அறைப்பக்கம் இருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் ஈரப்பதம். காலையில் வெளிப்பக்கம் பனித்துளி பூத்தால் ஜன்னல் நன்றாக வேலை செய்கிறது என்றே அர்த்தம், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் துடைத்த பிறகும் மூட்டம் நிற்கிறது என்றால்தான் சீல் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இந்த வகைதான்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் ஒரு பட்டை ஓடும், ஸ்பேசர் என்பார்கள். அதற்குள் ஈரம் உறிஞ்சும் குருணை இருக்கும், சுற்றிலும் சீல். வெயிலில் உள்ளே இருக்கும் வாயு விரிந்து, இரவில் சுருங்கி, வருடக்கணக்கில் அந்த சீலை இழுத்து இழுத்துத் தளர்த்துகிறது. ஈரக்காற்று நுழைகிறது. குருணை குடிக்கும் வரை குடிக்கிறது. அது நிறைந்ததும் மூட்டம் கண்ணில் படுகிறது. ஆக, நீங்கள் மூட்டத்தைப் பார்க்கும் நாளுக்கு வெகுநாள் முன்பே சீல் போய்விட்டிருக்கும். வெயில் அதிகம் படும் பக்கத்து ஜன்னல்கள் முதலில் போவது இதனால்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். கெட்டது கண்ணாடி ஜோடி மட்டும்தான். சட்டம், கீல், பூட்டு எல்லாம் நன்றாக இருந்தால் ஜோடியை மட்டும் கழற்றி, அதே அளவில் புதிது செய்து மாட்டலாம். முழு ஜன்னல் விற்க வந்தவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒரு முழு ஜன்னலுக்கு 100 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுக் காசாகவும் இருக்கட்டும். கண்ணாடிக்கு மட்டும் 40 என்றால் 5 ஜன்னலுக்கு 200. கடைக்காரர் கேட்பது 1,400. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் இடைவெளி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அப்படியே விட்டால்? வீடு பார்க்க வருபவர் ஹால் ஜன்னல் முன்னால் நிற்பார். சுட்டுவிரலால் கண்ணாடியை ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். மூட்டம் போகவில்லை என்றதும் மறுபடி ஒரு தேய்ப்பு. அந்த நிமிடத்திலிருந்து அவர் மனதில் ஓடுவது 200 இல்லை. "5 ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் 100, வேலைத் தொல்லை வேறு, மீதி 9-ம் எப்போது போகுமோ, இதைக்கூடக் கவனிக்காதவர் கூரையை மட்டும் கவனித்திருப்பாரா?" என்று ஓடும். பேரத்தில் அவர் குறைக்கச் சொல்வது இந்தப் பயத்தின் விலையை. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பயம் முளைக்கும் முன் உண்மையான விலை எழுதிய தாளைக் கையில் வைத்திருப்பது.

அதற்கும் முன்னால் ஜன்னல் தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு போன். டார்ச் அடித்து ஸ்பேசர் பட்டையைக் கூர்ந்து பாருங்கள். பல ஜன்னல்களில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் பட்டையிலோ கண்ணாடியின் மூலையிலோ பொடி எழுத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் சீலுக்கு 10 வருடம், 20 வருடம்கூட வாரண்டி தருகின்றன. உங்களுடையது 20 வருட வகையாக இருந்து, ஜன்னல் மாட்டி 20 வருடம் ஆகவில்லை என்றால் இன்னும் உயிரோடு இருக்கலாம். பெரும்பாலும் கண்ணாடி இலவசம், மாட்டுகிற கூலி உங்களுடையது. வீடு கைமாறினால் சில வாரண்டிகள் செத்துவிடும் அல்லது சுருங்கிவிடும். அதனால் உரிமை உங்கள் பெயரில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாரண்டி இல்லையென்றால், ஜன்னல் கடை வேண்டாம், கண்ணாடி வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அதில் கனம், பூச்சு, நடுவில் வெப்பத்தைத் தடுக்க அடைக்கும் ஆர்கான் வாயு உண்டா என்பதெல்லாம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு மாறினால் சாயங்கால வெளிச்சத்தில் ஹாலின் இரண்டு ஜன்னலும் இரண்டு நிறமாகத் தெரியும். பிறகு அதற்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கதவை ஒட்டியும் தரைக்கு அருகிலும் இருக்கும் ஜன்னல்களுக்குப் பல ஊர்களில் டஃபன்டு கண்ணாடி (சூடேற்றிப் பலப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி) கட்டாயம், அதையும் கேளுங்கள். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் உண்டு. அவை அடைத்திருந்தால் புதுக் கண்ணாடியும் தண்ணீரில் உட்கார்ந்து சீக்கிரம் கெடும். ஒரு குச்சியால் நீங்களே குத்திவிடலாம், செலவே இல்லை.

கண்ணாடியில் துளை போட்டுக் கழுவி உலர்த்தித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். மூட்டம் குறையும், செலவும் குறைவுதான். ஆனால் போன வாயு திரும்பாது. பூச்சே அரித்துக் கறையாகியிருந்தால் கறையும் போகாது. நீங்களே தொடர்ந்து இருக்கப் போகும் வீடென்றால் யோசிக்கலாம். விற்கும் வீட்டில் எனக்கு இதில் விருப்பமில்லை, துளையைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி பிறக்கும்.

என் கணக்குப்படி, கொட்டேஷன் தாங்குகிற அளவில் வந்தால் 5-ஐயும் மாற்றிவிடுங்கள். ஆள் ஒருமுறைதான் வர வேண்டும். கை இறுக்கமாக இருந்தால் ஹாலில் 2, படுக்கையறையில் 1 போதும். பின்பக்கத்து இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லி, கொட்டேஷனைக் காட்டி, அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரை போட்டு மறைக்க வேண்டாம். தெரிந்த குறையை மறைத்து விற்றால் பல நாடுகளில் விற்ற பிறகும் வழக்கு வரலாம். அதுவும் போக, வீட்டைப் பரிசோதிக்க வருபவர் முதலில் விலக்குவது திரையைத்தான். வாங்குபவர், "ஜன்னல் வீணாகிவிட்டது, இனி இது ஒற்றைக் கண்ணாடிக்குச் சமம்தான்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடி வெப்பத்தை விடும் அளவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.7 வாட், வெறும் காற்று அடைத்த இரட்டைக்கு 2.8. சீல் போனதும் நடுவில் உள்ள காற்றுப் படலம் காணாமல் போய்விடாது. தடுப்பு குறையும், அவ்வளவுதான்.

இந்தச் செலவுக்காகக் கடன் அட்டையைத் தேய்க்காதீர்கள், புது வீட்டு முன்பணத்தையும் தொடாதீர்கள். அந்த நிலை வந்தால் ஒன்றையும் மாற்றாமல், 5-க்கும் சேர்த்துக் கொட்டேஷனைக் காட்டி விலையில் கழிப்பதே மேல். மின்கட்டணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், அது வாங்குபவருக்கான மிச்சம், உங்கள் கணக்கில் வராது. மரச்சட்டம் உளுத்துப்போயிருந்தால் மட்டும் கதை வேறு. அந்த ஜன்னலை முழுதாக மாற்றத்தான் வேண்டும். வாங்குபவர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார் என்று தெரிந்தால் மைத்துனர் பேச்சே சரி.

ஒரு விஷயம், கண்ணாடி ஜோடி கடையில் தயாராகக் கிடைக்காது. அளவெடுத்துச் செய்து வர சில வாரங்கள் ஆகும். வீட்டைப் படம் எடுக்க ஆள் வரச் சொல்லும் முன்பே அளவெடுக்கக் கொடுத்துவிடுங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், வீடு விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது இந்தச் செலவு கழியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கணக்காளரிடம் கேட்க அது வேண்டும்.