ஸ்கூபா முக்குளிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. அந்தமான் செல்லும்போது ஸ்கூபா செய்து பார்க்கலாமா? (மதுரை வாசகர்)

பார்க்கலாம். ஹேவ்லாக் என்று நாம் அறிந்த சுவராஜ் தீவில் நடத்தப்படும் அறிமுக முக்குளிப்பில், பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே உடன் வருவார். 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்லக் கூடாது. சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் பயிற்சி என்றால் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எதுவாயினும் ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காதில் செய்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்; பணம் கட்டிவிட்டோமே என்று மறைப்பவர்களை எண்ணித்தான் எனக்குப் பெருங்கவலை. கீழே சென்றபின் எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரவர இருமடங்காக விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரலையே கிழித்துவிடும்.

கேள்வி: படம் எடுப்பதற்காகப் பவளப்பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடன் வந்தவர் கடிந்துகொண்டார். பாறைதானே, அதற்கு என்ன ஆகிவிடும்? (கோவை வாசகி)

அவர் கடிந்துகொண்டது சரியே. நீங்கள் பிடித்தது பவள உயிரிகள் கட்டியெழுப்பிய சுண்ணாம்புக் கூடு. அதன்மேல் மிக மெல்லிய உயிர்த்தசை போர்த்தியிருக்கிறது. கைபட்ட இடத்தில் அந்தத் தசை நசுங்கினால் பாசியும் நோய்க்கிருமிகளும் அங்கே குடியேறும். உருண்டை வடிவப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் வளர்கின்றன. காலில் மாட்டிய ஃபின்னின் ஒரே உதையில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி.

ஆயினும், வேண்டுமென்றே தொடுபவர்களைவிட, மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் மோதுபவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. இடுப்பில் தேவைக்கு மேல் ஈயக்கட்டிகளைக் கட்டியவர் அமிழ்ந்துகொண்டே போவார். அதைச் சரிக்கட்ட மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றுவார். மேலுடல் தூக்கிக்கொள்ள, கால்கள் தொங்கி, ஃபின்கள் அடிமணலைக் கிளப்பும். அந்த மணல் பவளங்கள்மேல் படிந்து அவற்றை மூச்சுத்திணற வைக்கும். ஆகவே இறங்குவதற்கு முன், கடல்மட்டத்தில் மிதந்தபடி சட்டையின் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இயல்பான மூச்சு ஒன்றை இழுத்து நிறுத்திப் பாருங்கள் (மூச்சை நிறுத்துவது இந்த ஒரு சோதனைக்கு மட்டும், அதுவும் கடல்மட்டத்தில் மட்டும்). நீர் உங்கள் கண்மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் எடை சரி. முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டர் காலியாகும்போது ஏறத்தாழ 2 கிலோ குறையும் என்பதால், நிறைந்த சிலிண்டரோடு சோதித்தவர் அந்த அளவு ஈயத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கைகள் தேவைப்படாது: நிதானமாக மூச்சை இழுத்தால் சற்று உயர்வீர்கள், விட்டால் தாழ்வீர்கள். வெறும் மணற்பரப்பின் மேல் இது கைவரும்வரை கேமராவைக் கரையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: முற்றிலும் வெள்ளையான பவளங்களைப் பார்த்தேன். அவை இறந்துவிட்டனவா? (தூத்துக்குடி வாசகர்)

இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. பவளத்துக்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருபவை அதன் தசைக்குள் வாழும் நுண்பாசிகள். கடல்நீரின் சூடு வாரக்கணக்கில் தணியாதபோது பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. 2016இல் மன்னார் வளைகுடாவில் பெருமளவில் நிகழ்ந்தது இதுதான். நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பக்கூடும். பட்டினி நீண்டால் பவளம் மடிந்து, வெள்ளைக் கூட்டின்மேல் அழுக்குப் பச்சை நிறத்தில் பாசி படர்ந்துவிடும். வெளுத்த நிலையில் அதற்குக் காயங்களைத் தாங்கும் வலு இல்லை. ஆதலால் இன்னும் தள்ளியே நீந்துங்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே வனத்துறை அனுமதியின்றி முக்குளிக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் விமானம் ஏறலாமா? (சென்னை வாசகர்)

கூடாது. நீருக்கடியில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரே செல்லும்போது காற்றழுத்தம் குறைந்ததும் குமிழிகளாகப் பிரியும். ஒருமுறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். இராமேசுவரத்தில் முக்குளித்த கையோடு கொடைக்கானலுக்குக் கார் ஏறுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: கடலடியில் கிடந்த சங்கை எடுத்து வரலாமா? (நாகர்கோவில் வாசகி)

வேண்டாம். காலிச் சங்கு துறவி நண்டுகளின் வீடு. பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை எடுப்பதோ 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வைத்திருக்கிறேன். மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைக் காண முடியுமா? (யாழ்ப்பாண வாசகர்)

இப்போதைக்கு முடியாது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் உச்ச வரம்பே 40 மீட்டர். அந்த ஆழத்தில் நைட்ரஜன் அறிவை மயக்கும். மேலே வரும் வழியில் பல நிலைகளில் நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். அதற்கான தொழில்நுட்ப முக்குளிப்புப் பயிற்சியைப் படிப்படியாக முடித்துவிட்டுச் செல்லுங்கள். செல்லும் நாளில் கப்பலுக்குள் நுழையாமலும், எதையும் அசைக்காமலும், சிறு ஆணியைக்கூட எடுக்காமலும் திரும்புங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அக்கப்பலோடு உயிரிழந்தார்கள்.